ஒட்டிய பத்து

சீடருக்கு ஐம்பத்தொன்பது வயது. குருவுக்கு முப்பத்திரண்டு.

சீடர் பெயர் சிவனாண்டி. உயர்நிலைப் பள்ளியில் இருபத்தெட்டு வருஷம் அல்ஜீப்ரா நடத்தி ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல், மலையடிவாரத்தில் இருந்த ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்கு மூன்றாம் வகுப்புக் கணக்குச் சொல்லித்தர வந்தார். ஒரே வாரத்தில் மூன்றாம் வகுப்பு அவருக்குத் தண்ணி காட்டிவிட்டது.

நேராக இரண்டாம் வகுப்பு பூங்கோதை டீச்சரிடம் போனார். "எனக்குக் கத்துக்கொடுங்க டீச்சர்" என்றார்.

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "முதல்ல கையில கொடுங்க சார். அப்புறம் படமாப் போடச் சொல்லுங்க. கடைசியா எண்ணா எழுதச் சொல்லுங்க. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

அவ்வளவையும் சார் வேதவாக்காக எடுத்துக்கொண்டார்.

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. கணக்கில் தடுமாறுகிற பிள்ளை, கணக்கு நேரத்துக்கு மட்டும் ஒரு வகுப்பு கீழே போய் உட்கார வேண்டும். பட்டியல் வெள்ளிக்கிழமை காலையில் தலைமையாசிரியையான பெரிய டீச்சரிடம் போகும்.

வியாழன் மத்தியானம் சார் ஒரு பெயரைப் பென்சிலால் எழுதிவிட்டார். கனிஷ்கா.

பார்த்ததும் அந்தப் பிள்ளையின் முகம் சுருங்கிப்போயிற்று. "ரெண்டாம் வகுப்பா சார்? அங்க என் தம்பி இருக்கான். வீட்டுக்கு வந்து எல்லார்கிட்டயும் சொல்லிக் காட்டுவான் சார்."

சாருக்குச் சோறு இறங்கவில்லை. அவளுடைய சிலேட்டை எடுத்துக்கொண்டு டீச்சரைத் தேடிப் போனார்.

டீச்சர் வேப்பமரத்தடியில் வாழைச் சருகைக் குவித்துவைத்துக்கொண்டு தொன்னை தைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் பிள்ளைகளுக்குச் சுண்டல்.

"பாருங்க டீச்சர். முப்பத்திரண்டுல பதினஞ்சு போனா இருபத்திமூணாம்! அஞ்சுல ரெண்டைக் கழிச்சு மூணுன்னு எழுதி வச்சிருக்கா."

"ம்."

"குச்சி கொடுத்தேன். மூணு பத்துக் கட்டு, ரெண்டு தனிக் குச்சி. பதினஞ்சை எடுன்னேன். ஒரு கட்டை எடுத்து வச்சா. சரிதான். அஞ்சு குச்சி எடுன்னா, 'ரெண்டுதான் இருக்கு சார்'ங்கறா. கட்டுல இருந்து எடுன்னேன். எடுக்கணுமா வேண்டாமா?"

"என்ன பண்ணினா?"

"கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கறா. உலுக்கறா. நகத்தால சுரண்டறா. விளையாட்டுப் புத்தி டீச்சர். கடைசியில கீழே வச்சுட்டு இதை எழுதினா. நீங்க சொன்ன மாதிரிதானே எல்லாம் செஞ்சேன்? எங்க தப்பு? நான் இந்த வேலைக்கு ஆகாதவனா?"

டீச்சர் சருகை மடித்துப் பிடித்தபடியே தரையைத் தடவினார். "ஈர்க்கு தீர்ந்துபோச்சு சார். உங்க குச்சியும் ஈர்க்குதானே? ஒரு மூணு கொடுங்களேன்."

சார் ஓடிப்போய்ப் பெட்டியைக் கொண்டுவந்தார். திறக்கும்போதே அவருக்கு ஒரு பெருமை. தென்னை ஈர்க்கை அளந்து நறுக்கி, பத்துப் பத்தாக அடுக்கி, சிவப்புச் சாயம் பூசியிருந்தார். இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை. தனிக் குச்சிகளில் இரண்டுதான் மிச்சம்; மற்றதையெல்லாம் பிள்ளைகள் வாயில் வைத்துக் கடித்தே தீர்த்திருந்தார்கள். கட்டுகள் மட்டும் அப்படியே இருந்தன.

ஒரு கட்டை நீட்டினார்.

"மூணு போதும் சார்."

"இது பத்துங்க."

"பத்துல மூணு இருக்குமே."

சார் கட்டைத் திருப்பினார். உலுக்கினார். ஓரத்தில் நகத்தை வைத்துச் சுரண்டினார். சாயம்தான் உதிர்ந்தது.

"வராதுங்க டீச்சர். மரப்பசை போட்டு ஒட்டியிருக்கேன். கயிறு கட்டினா அவிழ்த்துத் தொலைச்சுடறாங்க. சாயங்காலம் பார்த்தா பத்து ஒன்பதாயிடுது. அதான்…"

சுரண்டிக்கொண்டிருந்த நகம் அப்படியே நின்றது.

டீச்சர் பக்கத்தில் கிடந்த விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவி, கழுவி, ஒடித்துச் சருகில் குத்தினார்.

அன்று சாயங்காலம் சார் தன் வீட்டுத் தென்னையடியில் உட்கார்ந்து புதுசாக ஈர்க்கு சீவினார். மனைவி எட்டிப் பார்த்து, "அதான் ரெண்டு வாரம் செஞ்சீங்களே, மறுபடியுமா?" என்றார்.

"அது சாமி சிலை மாதிரி ஆயிடுச்சு. கும்பிடலாம், பிய்க்க முடியாது."

வெள்ளிக்கிழமை மணி அடிக்குமுன்னே கனிஷ்காவைக் கூப்பிட்டார். வாழைநாரால் சுருக்குப் போட்ட மூன்று கட்டு, இரண்டு தனிக் குச்சி. "பதினஞ்சு எனக்குக் கொடும்மா."

ஒரு கட்டைக் கொடுத்தாள். இரண்டு குச்சியைக் கொடுத்தாள். அடுத்த கட்டைத் தொட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அவிழ்க்கலாமா சார்?"

"அவிழ்க்கத்தானேம்மா சுருக்குப் போட்டிருக்கேன்."

நாரை இழுத்தாள். குச்சிகள் பொலபொலவென்று சிதறின. அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அதிலிருந்து மூன்றை எடுத்துக் கொடுத்துவிட்டு, மீதியை எண்ணினாள். "ஒரு கட்டு, ஏழு குச்சி. பதினேழு சார்!"

"படமாப் போடு பார்க்கலாம்."

மூன்று நெட்டைக் கோடு, இரண்டு புள்ளி. ஒரு கோட்டை அடித்துவிட்டுப் பக்கத்தில் பத்துப் புள்ளி வைத்தாள். அதற்கப்புறம்தான் எண்ணை எழுதினாள். மூன்றை அடித்து இரண்டு. ஒற்றை இடத்தில் பன்னிரண்டு. எழுதி முடித்து, சார் கரும்பலகையில் என்றைக்கோ போட்டிருந்த கணக்கையே உற்றுப் பார்த்தாள்.

"சார், அங்க ரெண்டோட தலைமேல ஒரு குட்டி ஒண்ணு போட்டிருக்கீங்களே, அது அவிழ்த்த இந்தப் பத்துக் குச்சிங்களா?"

"ஆமாம்மா."

"முதல்லயே சொல்லியிருக்கலாமே சார்!"

சார் பட்டியலை எடுத்து, பென்சில் எழுத்தை அழுத்தி அழித்தார். அழித்த இடத்தில் மறுபடியும் ஏதோ எழுதினார். அதைக் கையில் பிடித்துக்கொண்டு சுண்டல் நேரத்தில் டீச்சர் முன்னால் போய் நின்றார்.

டீச்சர் வாங்கிப் படித்தார். சிவனாண்டி என்று எழுதியிருந்தது.

"கணக்கு நேரத்துக்கு உங்க வகுப்புல வந்து உட்காரலாமா டீச்சர்? என் பிள்ளைங்களை அந்த நேரத்துக்குப் பெரிய டீச்சர் பார்த்துக்கறேன்னு சொல்லிட்டாங்க."

"முன்னாடி பெஞ்சுல உட்காருங்க சார். பின்னாடி உட்கார்ந்தா பேச்சு வரும்."

"எத்தனை நாளைக்கு வரணும்?"

டீச்சர் ஒரு தொன்னை நிறையச் சுண்டலை அள்ளி அவர் கையில் வைத்தார்.

"தெரியலையே சார். நான் ஒன்பது வருஷமா அங்கதான் உட்கார்ந்திருக்கேன்."