பலவேசம் கடைத்தெரு வழியாக நடந்த கதை

கொம்பன்குளத்தில் பந்தல் போடும் அண்ணன் தம்பி நாலு பேர் இருந்தார்கள். மூத்தவன் பலவேசம், அடுத்தவன் சிவனணைஞ்சான், மூன்றாமவன் வண்ணமுத்து, கடைக்குட்டி சொள்ளமுத்து. நாலு பேருக்கும் புத்தி கிடையாது என்று ஊரில் சொல்வார்கள். அது அபாண்டம். இருந்த புத்தியைச் செலவழிக்காமல் பத்திரமாக வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

ஒரே வீடு, ஒரே உலை என்பதால் கடனும் பொதுக் கடன்தான். மளிகைக்குச் செல்லத்துரை அண்ணாச்சி, பாலுக்கு ஒருவர், துணி தைத்ததற்கு ஒருவர் என்று மூன்று பேருக்கு நாற்பதாயிரம் நின்றது. மூன்று பேரும் கடைத்தெருவில் இருந்தார்கள். அதனால் பலவேசம் மூன்று வருஷமாகக் குளக்கரையைச் சுற்றித்தான் வேலைக்குப் போனான். முள் குத்தும், நாய் விரட்டும். ஒரு நாளாவது கடைத்தெரு நடுவில் கையை வீசிக்கொண்டு நடக்க வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு ஆசை கிடையாது.

அந்தச் சமயத்தில்தான் பாங்கிலிருந்து டை கட்டிய ஒருவர் வந்து ஒரு கிரெடிட் கார்டை அவன் கையில் கொடுத்தார்.

“கடை பாக்கியெல்லாம் இதைத் தேய்ச்சு அடைச்சிடுங்க. அப்புறம் எங்களுக்கு மட்டும் கட்டினா போதும். ரகசிய நம்பரை மட்டும் யார்கிட்டயும் சொல்லக் கூடாது. கூடப் பொறந்தவங்களுக்குக்கூடத் தெரியக் கூடாது.”

அவர் போனதும் நாலு பேரும் கூடி உட்கார்ந்தார்கள்.

“கார்டு பொது. நம்பர் ஒருத்தனுக்கு மட்டும் தெரிஞ்சா எப்படில?” என்றான் பலவேசம்.

“நாலு எண்ணுதான அண்ணே கேக்கான். ஆளுக்கு ஒண்ணா வச்சுக்கிடுவோம்” என்றான் சிவனணைஞ்சான்.

அப்படியே ஏடிஎம்மில் ஒருவர் பின் ஒருவராக உள்ளே போய் ஆளுக்கு ஓர் எண்ணை அழுத்திவிட்டு வந்தார்கள். மற்றவர்கள் வெளியே கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். மெஷின் இரண்டு தடவை பொறுமை இழந்தது. மூன்றாவது தடவை ஓடிப் போய் அழுத்தினார்கள். சொள்ளமுத்துவுக்குத் தூக்கத்தில் பேசும் பழக்கம் உண்டு. அன்றிலிருந்து அவன் வாயைக் கட்டிக்கொண்டு படுத்தான்.

மறுநாள் அண்ணாச்சி கடைக்கு நாலு பேரும் போனார்கள். ஒருவன் எண்ணை அழுத்தும்போது மற்ற மூன்று பேரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள்.

“ஏலே, கடன அடைக்க வந்தீயளா, சாமி கும்பிட வந்தீயளா?” என்று கேட்டார் அண்ணாச்சி. பால்காரர் பாக்கியையும் தையல்காரர் பாக்கியையும் தன் கூலி ஆயிரத்தையும் சேர்த்து அதே மெஷினில் தேய்த்து, பிரித்துக் கொடுத்தார்.

அன்றைக்குப் பலவேசம் கடைத்தெருவில் ஆறு தடவை நடந்தான். வாங்குவதற்கு ஒன்றுமில்லை. ஏழாவது தடவை போனபோது தையல்காரர், “யாரையும் தேடுதியா?” என்று அன்பாகக் கேட்டார். சந்தோஷத்தில் பலவேசத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

மாதம் முடிந்ததும் பாங்கிலிருந்து சீட்டு வந்தது. மொத்தம் நாற்பத்தோராயிரம், குறைந்தபட்சம் கட்ட வேண்டியது இரண்டாயிரத்து ஐம்பது என்று போட்டிருந்தது.

“ரெண்டு விலை போட்டிருக்கானே” என்றான் சொள்ளமுத்து.

“நல்ல மனுசன். நமக்கு எது தோதோ அதக் கட்டச் சொல்லுதான்” என்றான் பலவேசம். தோதானதைக் கட்டினார்கள்.

அடுத்த சீட்டில் நாற்பத்தோராயிரத்து முந்நூறு என்று இருந்தது. நாலு பேரும் அதை வெயிலில் பிடித்துப் பார்த்தார்கள்.

“அண்ணே, கட்டாதப்ப நாப்பத்தோராயிரம். கட்டுனதும் கூடிருச்சு. நாம கட்டுத பணம்தான் அதுக்கு உரம்” என்றான் வண்ணமுத்து.

“உரம் போடுதத நிறுத்துனா?” என்று கேட்டான் பலவேசம்.

“வளராது.”

பலவேசம் யோசித்துப் பார்த்தான். அண்ணாச்சிக்கு மூன்று வருஷம் கட்டவே இல்லை, அந்தப் பாக்கி தானாக ஒரு ரூபாய்கூட வளர்ந்ததில்லை. தம்பி சொன்னதில் குற்றமே இல்லை. அன்றோடு கட்டுவதை நிறுத்தினார்கள்.

ஆறு மாதத்தில் அது அறுபதாயிரமாக வளர்ந்தது. வசூலுக்குத் தர்மலிங்கம் என்று ஒருவர் வர ஆரம்பித்தார். அண்ணாச்சியாவது கடைக்குள்ளேயே இருந்தார். இவரிடம் பைக் இருந்தது. காலையில் கடைத்தெருவில் நிற்பார், மாலையில் குளக்கரையில் நிற்பார். இருந்த இரண்டு வழியும் போய், பலவேசம் மூன்று நாள் வீட்டுக்குள்ளேயே கிடந்தான். கடைத்தெருவைக் காட்டிவிட்டுப் பிடுங்கிக்கொண்டார்களே என்று சுவரைப் பார்த்துப் புலம்பினான்.

நாலாம் நாள் தர்மலிங்கம் வீட்டுக்கே வந்தார். நாலு பேரிடமும் அரை மணி நேரம் பேசிப் பார்த்துவிட்டுத் தண்ணீர் வாங்கிக் குடித்தார். மனுஷனுக்கு இரக்கம் வந்துவிட்டது.

“தவணையா மாத்தித் தாரேன். மாசம் மூவாயிரம் கட்டுங்க. ஆனா என் கண்ணு முன்னாலயே அந்தக் கார்டை நாலு துண்டா வெட்டுங்க. அது முழுசா இருக்கிற வரைக்கும் நீங்க உருப்பட மாட்டீங்க.”

பந்தல் துணி வெட்டும் கத்தரியால் பலவேசம் கார்டை அளவு பிசகாமல் நாலாக வெட்டினான். தர்மலிங்கம் நிம்மதியாக வாசலுக்குப் போய்ப் பைக்கை உதைத்தார்.

உள்ளே பாகப்பிரிவினை நடந்தது. தங்க நிறச் சில்லு இருந்த துண்டு மூத்தவனுக்கு. பெயர் இருந்த துண்டு சிவனணைஞ்சானுக்கு. கார்டு நம்பர் இருந்த துண்டு வண்ணமுத்துவுக்கு. தன் துண்டைப் பார்த்த சொள்ளமுத்து ஓவென்று அழுதான்.

“உங்க துண்டுலல்லாம் தேதியே இல்ல. ஆயுசுக்கும் வரும். என்னோடது மட்டும் நாலு வருஷத்துல முடிஞ்சிரும்னு போட்டிருக்கு.”

நியாயமான அழுகைதான். பலவேசம் தம்பியின் தலையைத் தடவினான். “அழாதல. முடியப் போறதத்தான் முதல்ல செலவழிக்கணும். தவணைய உன் துண்டுலயே கட்டுவோம். எங்க மூணும் அலமாரில கிடக்கட்டும்.”

பைக் கடைத்தெருவைத் தாண்டிக்கொண்டிருந்தது. பலவேசம் தெரு நடுவில் கையை வீசிக்கொண்டு, அண்ணாச்சிக்கும் தையல்காரருக்கும் தலையாட்டிக்கொண்டு, தம்பிகள் பின்னால் வர அதைத் துரத்தினான்.

“சார், நில்லுங்க, முதல் தவணையத் தேய்ச்சிட்டுப் போங்க. நாலு பேரும் நம்பரோட வந்திருக்கோம்.”