நாலு கொலைக்கும் ஒரே நாற்காலி

திண்டுக்கல்லுல பழனி ரோட்டோரமா ஒரு பந்தல் கடை. அந்தக் கடையில எரநூறு நாற்காலிக்கு நடுவுல நீலக் கலர்ல ஒரு பிளாஸ்டிக் நாற்காலி குடியிருந்துச்சு. கல்யாணம், கருமாதி, கட்சிக் கூட்டம்னு அது போகாத எடமில்ல, தாங்காத ஆளில்ல. பின்னங்கால் ஒண்ணு கீறிப் போயி, கட்டுக்கம்பியால மூணு சுத்து சுத்தியிருக்கும். கடைக்காரர் ஆரோக்கியம் அண்ணன் அத நொண்டின்னுதான் கூப்பிடுவாரு. அதுக்கு அதுல வருத்தமே கெடையாது. யாராவது வந்து பொத்துனு உக்காந்து 'அப்பாடா'ன்னு சொல்லணும். அந்த 'அப்பாடா'தான் அதுக்குச் சோறு.

அப்பிடி செவனேன்னு கெடந்த நாற்காலியத்தான் சினிமாக்காரன் தூக்கிட்டுப் போனான்.

அவன் பேரு தெய்வேந்திரன். செல்போன் கடை வெச்சிருந்தவன். கடைய மூடிட்டு, மூஞ்சியில சாக்க மாட்டுன ஒருத்தன் பொண்ணுங்களா அறுத்துத் தள்ளுற மாதிரி ஒரு பேய்ப்படம் எடுக்கக் கெளம்பிட்டான். படத்துக்குப் பேரு 'அறுப்பு நேரம்'. சிறுமலை அடிவாரத்துல ஒரு தோட்டத்து வீடு, ஒரே கேமரா, ஒரு வாரம். ராத்திரி சீனெல்லாம் பகல்லயே எடுத்தாங்க. வெயிலு சும்மா கெடைக்குதுல்ல. ஜன்னல்ல நீலக் காகிதத்த ஒட்டிட்டா நெலா வெளிச்சமாம்.

ஆரோக்கியம் அண்ணன் கடையிலேர்ந்து போனது ரெண்டே உருப்படி. ரத்தம் கலக்க ஒரு அண்டா, உக்கார இந்த நாற்காலி. அங்க போன எடத்துல ஒரு ரப்பர் கத்தி பழக்கமாச்சு. வெள்ளிக் கலரு பெயிண்ட் அடிச்சுக்கிட்டு, மாப்பிள்ள மாதிரி வெறப்பா நின்னுச்சு.

"ஓரமா நில்லு. இந்தப் படத்துல வில்லன் நான்தான்"ன்னுச்சு கத்தி.

"நுனி வளையுதே தம்பி"ன்னுச்சு நாற்காலி.

"அது நெளிவு சுளிவு. ஒனக்கெங்க தெரியும்? நாலு பக்கமும் கால விரிச்சுக்கிட்டு நிக்கிற பய."

"ரெண்டு பேரும் சும்மா இருங்கடா"ன்னுச்சு அண்டா. "எனக்குள்ள பாருங்க. சக்கரப் பாகும் கேசரிப் பவுடரும். இதுக்குப் பேரு ரத்தமாம். ரெண்டு படி ரவையக் கொட்டுனா பந்திக்கே அனுப்பிரலாம்."

சாகறதுக்குன்னு முத்தீஸ்வரின்னு ஒரு பொண்ணக் கூட்டியாந்திருந்தாங்க. கதைப்படி நாலு பொண்ணுங்க சாகணும். நாலு பேருக்குச் சோறு போட தெய்வேந்திரனுக்குத் தெம்பில்ல. அதனால நாலு விக்கு வாங்கிட்டான். சுருட்ட முடிக்காரி கெணத்தடியில செத்தா. கிராப்பு வெட்டுனவ மாடியில செத்தா. சடைக்காரி அடுப்படியில. கொண்டைக்காரி மாந்தோப்புல. நாலும் ஒரே முத்தீஸ்வரி.

சாவுக்கும் சாவுக்கும் நடுவுல அவ இந்த நாற்காலியிலதான் உக்காருவா. மொத நாளு உக்காந்ததும் நாற்காலி ஒரு ஆட்டம் ஆடுச்சு. அவ குனிஞ்சு கம்பிக் கட்டப் பாத்தா.

"எடது கால்ல சீக்கா ஒனக்கு? சரி, நான் வலப்பக்கமா சாஞ்சுக்கிறேன். நீ கவுத்து விட்றாத தாயி"ன்னா.

நாற்காலிகிட்ட அதுவரைக்கும் யாரும் பேசினதில்ல. அதுக்கு ஒரு மாதிரி ஆயிப்போச்சு.

டைரக்டர் கூப்பிட்டதும் எந்திரிச்சு ரெண்டு எட்டு போயி செத்துட்டு, மறுபடி வந்து உக்காருவா. ஷாட்டுக்கு முன்னாடி நாற்காலிய நகத்தி வெக்க யாருக்கும் தோணல. நகத்த வேண்டியவ செத்துல்ல கெடக்குறா. அதனால கெணத்தடி, மாடி, அடுப்படி, மாந்தோப்புன்னு நாலு எடத்துலயும் இதுவும் படத்துக்குள்ள விழுந்துச்சு.

மாந்தோப்பு சீன்தான் கொடும. சக்கர ரத்தத்த மோந்துக்கிட்டு கட்டெறும்பு கூட்டமே வந்துருச்சு. முத்தீஸ்வரி கண்ணத் தொறந்துக்கிட்டு மல்லாந்து கெடக்குறா. ஒரு எறும்பு கழுத்து வழியா ஏறி, கன்னத்துல நடந்து, எடது கண்ணு இமை மேல போயி நின்னு கடிச்சுது. அவ கண்ணச் சிமிட்டல. கால் வெரல் மட்டும் ஒரு தடவ துடிச்சுது.

"யாராச்சும் தட்டி விடுங்கடா"ன்னு நாற்காலி கெடந்து தவிச்சுது. நம்ம பொருளுங்க பேச்சு மனுசங்களுக்குக் கேக்காதுல்ல.

"சூப்பர்மா. இன்னொரு தடவ எடுத்துருவோம்"ன்னான் தெய்வேந்திரன்.

படம் முடிஞ்சு அண்டாவும் நாற்காலியும் கடைக்குத் திரும்புச்சுங்க. அண்டாவுக்குள்ள மறந்து போட்ட ரப்பர் கத்தியும் கூடவே வந்துருச்சு. ஆரோக்கியம் அண்ணன் அதத் தூக்கி, பந்தல் கட்டுற கயிறு கெடக்குற சாக்குல போட்டாரு.

ரெண்டு மாசத்துல படம் போன்ல வந்துச்சு. பாத்தவன்லாம் வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சான். கழுத்துல வெச்சதும் கத்தி முத்துன வெண்டக்கா மாதிரி வளையுதே, சிரிக்காம? கத்தி சாக்க விட்டு வெளிய தலையக் காட்டல.

"பயமுறுத்தப் பொறந்த பயலப் பாத்துச் சிரிக்கிறாய்ங்க"ன்னு உள்ளுக்குள்ளயே பொலம்புச்சு.

அப்பத்தான் கோகுல்நாத்துன்னு ஒரு காலேஜ் பையன் ஒண்ணக் கண்டுபிடிச்சான். நாலு கொலையிலயும் ஒரே நீல நாற்காலி. நாப்பது நிமிஷத்துக்கு ஒரு வீடியோ போட்டான். நாற்காலியச் சுத்தி செவப்பு வட்டம், பின்னாடி உறுமுற மியூசிக்கு. சாக்கு மூஞ்சிக்காரன் சும்மா ஏமாத்து, நெசக் கொலகாரன் இந்த நாற்காலிதான்னு அடிச்சுச் சொன்னான். அதுக்குப் பெறகு கேக்கணுமா? நாற்காலின்னா அதிகாரம், மக்கள அதிகாரம் கொல்லுதுன்னு ஒருத்தன். பொணத்தோட கால் வெரல் துடிக்குது பாரு, நாற்காலி உசுர உறியுதுன்னு இன்னொருத்தன்.

"டேய், அது எறும்புடா"ன்னு அண்டா சிரிச்சு உருண்டுச்சு.

தெய்வேந்திரன்கிட்ட போயி கேட்டாங்க. அவன் தாடியச் சொறிஞ்சுக்கிட்டு, "ரொம்ப யோசிச்சு வெச்சதுதான்"னுட்டான்.

அன்னிக்குப் புடிச்சது சனி. விசேஷ வீட்டுல எறக்கினா நாற்காலியச் சுத்தி பத்தடிக்கு ஆளே இல்ல. பக்கத்துல நின்னு போட்டோ எடுப்பான், உக்காரச் சொன்னா ஓடுவான். கடையில அடுக்கி வெச்சா, இதுக்கு மேல ஏறுன நாற்காலிகூட காலத் தூக்கிக்கிட்டே நின்னுச்சு. அப்பாடா இல்லாம மூணு மாசம். அதுக்கு இருப்புக் கொள்ளல.

ஒரு நாள் காலையில ஆரோக்கியம் அண்ணன் அதத் தூக்கி வண்டியில எறிஞ்சாரு.

"நான் நாற்காலி வாடகைக்கு விடுறவன்யா, பேய வாடகைக்கு விடுறவன் இல்ல. இன்னிக்குக் காதுகுத்துல ஒருத்தராச்சும் இதுல உக்காந்தாச் சரி. இல்லன்னா நாளைக்கு அரச்சு உருக்கிருவோம், கொடமாவாச்சும் வரட்டும்."

"கொடமானா நல்லதுதானடா, பொம்பளைங்க இடுப்புல ஒய்யாரமா உக்காந்து போலாம்"னுச்சு அண்டா.

"நான் உக்காரப் பொறந்தவனா? உக்கார வெக்கப் பொறந்தவன்"னுச்சு நாற்காலி.

மண்டபத்துல ஜே ஜேன்னு கூட்டம். கால் கடுக்க நின்னாலும் நிப்போம்னு ஜனம் நிக்குது. போன் பாக்காத ஒரு பெரிய மனுசன் வேட்டியத் தூக்கிக்கிட்டு உக்கார வந்தாரு. நாற்காலி மூச்சப் புடிச்சுக்கிட்டு நின்னுச்சு. "மாமா, வேணாம் மாமா"ன்னு மருமக வந்து இழுத்துட்டுப் போயிட்டா. எவனோ ஒருத்தன் குங்குமம் தடவுன எலுமிச்சம்பழத்த நாற்காலி மேல வெச்சுட்டுப் போனான். மாமன் வீட்டு ஆளா அந்தக் கோகுல்நாத்தே வந்திருந்தான். கோயில்ல செலையக் காட்டுற மாதிரி, நின்னு எல்லாருக்கும் வெளக்கம் சொல்லிக்கிட்டிருந்தான்.

நாலு பந்தி முடிஞ்சுது. பரிமாற வந்த ஆளுங்கள்ல ஒருத்தி, கையில காலி சாம்பார் வாளியோட வந்தா. தலையில பிளாஸ்டிக் தொப்பி, கால்ல வீக்கம். நாற்காலியப் பாத்ததும் நின்னுட்டா.

"ஏ நொண்டி, நீயா?"ன்னா.

முத்தீஸ்வரி.

குனிஞ்சு பாத்தா. கீறல் பெருசாயிருந்துச்சு. கட்டுறதுக்குக் கயிறு தேடி, பந்தல் கடைக்காரங்க பக்கத்துல எறக்கி வெச்சிருந்த கயித்துச் சாக்குல கைய விட்டுத் தொழாவுனா. ரப்பர் கத்தி வந்துச்சு. "அட, நீயும் இருக்கியா"ன்னு சிரிச்சுக்கிட்டே, அத ரெண்டா மடக்கி நொண்டிக் காலுக்கு அடியில முட்டுக் குடுத்தா.

"கழுத்தறுக்க வந்தவன் கால் தாங்குறேன்"னுச்சு கத்தி. சொன்னாலும், இந்தத் தடவ நெளியாம நின்னுச்சு.

எலுமிச்சம்பழத்த எடுத்து தண்ணி டம்ளர்ல புழிஞ்சா. இலையில மிச்சங் கெடந்த உப்ப ஒரு சிட்டிக போட்டா. வலப்பக்கமா சாஞ்சு உக்காந்தா.

"அப்பாடா."

மண்டபமே திரும்பிப் பாத்துச்சு.

கோகுல்நாத் ஓடியாந்தான். "அக்கா, எந்திரிங்க. நாலு பேரு செத்த நாற்காலிக்கா அது."

"தெரியும் தம்பி. அந்த நாலு பேரும் நான்தான்."

"வெளையாடாதீங்கக்கா. அவங்க நாலு பேரும் வேற வேற ஆளு. ஒருத்தவங்களுக்குச் சுருட்ட முடி."

"விக்குப்பா அது."

"நான் முப்பத்தெட்டு தடவ பாத்திருக்கேன்கா. நாற்காலிக் கால்ல கம்பி எத்தன சுத்துன்னு கேளுங்க, சொல்றேன். மூணு."

"மாந்தோப்புல செத்தவளுக்கு எந்தக் கண்ணுல எறும்பு கடிச்சுது?"

அவன் முழிச்சான். "எறும்பா?"

"சரி விடு"ன்னு அவ தண்ணியக் குடிச்சா.

வாசல்ல நின்ன ஆரோக்கியம் அண்ணன் இதப் பாத்துட்டாரு. "உக்காந்துட்டாங்கல்ல? அப்பச் சரி. உருக்க வேணாம், அடுக்குல போடு"ன்னு வண்டிக்காரருக்குக் கொரல் குடுத்தாரு.

நாற்காலிக்கு உசுரு வந்துச்சு. மேல அவ பாரம், கீழ கத்தி. மூணு மாசத்துப் பசி தீந்து, அப்பிடியே கண்ண மூடிக்கலாம்னு இருந்துச்சு.

அப்பத்தான் கோகுல்நாத் போன எடுத்து, ஒரு கண்ண மூடிக் குறி பாத்தான். பாத்துட்டு மொகத்தச் சுளிச்சான்.

"அக்கா, கொஞ்சம் எந்திரிச்சு அந்தப் பக்கம் போறீங்களா? நாற்காலிய மறைக்கிறீங்க."

முத்தீஸ்வரி டம்ளரோட எந்திரிச்சா.

பொறந்ததுலேர்ந்து மொத தடவையா, ஒருத்தனையாச்சும் பயமுறுத்தணும்னு நாற்காலிக்குத் தோணுச்சு.