பிக்கப் வண்டி டீசல் குடித்த கதை

“அது டீசல் குடிக்கற வண்டி இல்லக்கா, டீசல்ல குளிக்கற வண்டி.”

பெட்ரோல் பங்கில் குழாய் பிடிக்கும் பெண் தன் பக்கத்தில் நின்றவளிடம் சொன்னது இது. சுகந்தியின் காதில் விழ வேண்டும் என்று சொன்னதல்ல. விழுந்துவிட்டது.

சுகந்தி மேட்டுப்பாளையத்திலிருந்து கோயம்புத்தூர் கல்யாண மண்டபங்களுக்கு வாழை இலை அனுப்புகிறவள். இலையைச் சுமந்து போவது ஒரு பழைய பிக்கப். லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்த அந்த வண்டி, சில மாதமாக ஏழைத் தாண்ட மாட்டேன் என்கிறது. ஆவணி முகூர்த்தங்கள் வரிசைகட்டி நிற்கிற நேரம். சாயங்காலம் பழைய வண்டி வாங்கும் புரோக்கர் வருகிறார், அதற்குள் வண்டிக்கு என்ன கோளாறு என்று தெரியாவிட்டால் விற்றுவிடப் போகிறேன் என்று டிரைவர் சென்னிமலையிடம் சொல்லிவிட்டு, வண்டியை யாசின் பாய் பட்டறைக்கு விடச் சொன்னாள்.

யாசின் பாய் வேலைக்கு முன்னால் வாயைத் திறக்கிற ஆள் இல்லை. இஞ்சினை ஆஃப் பண்ணச் சொல்லி விரலை மட்டும் காட்டினார். “ஓடட்டும் பாய்” என்றார் சென்னிமலை. “தூங்கறவன்கிட்டப் போயி எங்க வலிக்குதுன்னு கேட்டா சொல்லுவானா?” பாய் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குனிந்தார். டயரில் காற்று சரியாக இருந்தது. சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கிச் சுற்றிப் பார்த்தார், பிரேக் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. டீசல் எங்கேயும் ஒழுகவில்லை. புகையும் கறுப்பாக இல்லை. வண்டியில் குற்றமே இல்லையே என்று பாய் தாடியைச் சொறிந்தபோது, குற்றம் காற்றுடையது என்று சென்னிமலை ஆரம்பித்தார்.

அவர் குரல் கேட்டதுமே பக்கத்துப் பஞ்சர் கடை மாரப்பன் ஒரு பழைய டயரை உருட்டிக்கொண்டு வந்து போட்டு, அதன்மேல் வசதியாக உட்கார்ந்துகொண்டார்.

ஆடி மாதம் காரமடைக்கு அக்கட்டால அடிக்கிற எதிர்காற்றைப் பற்றி இவர்களுக்கெல்லாம் என்ன தெரியும் என்று கேட்டார் சென்னிமலை. டாப் கியரில் மிதிக்கிறாராம், முள் அறுபதில் நிற்கிறதாம். பக்கத்தில் பார்த்தால் ஒரு வெள்ளாடு வேலியோரம் மேய்ந்துகொண்டே வண்டிக்குச் சரியாக வருகிறதாம். கொஞ்ச நேரத்தில் ஆடு முந்திவிட்டதாம். இன்னும் மிதித்தாராம். வெளியே எட்டிப் பார்த்தால் பக்கத்திலேயே, கிளம்பின மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டு.

“முதுகுப் பக்கமாவே வந்து சேந்துட்டீங்களாக்கும்?” என்றார் மாரப்பன்.

“அதச் சொல்லு. கிலோமீட்டர் முள்ளும் பின்னாடியே சுத்திருச்சு. ஓடுனதயெல்லாம் அதுவே கழிச்சுப்போட்டா மைலேஜ் எங்கிருந்து மாரப்பா வரும்?”

சுகந்திக்குச் சிரிப்பு வந்தது. புரோக்கர் ஞாபகம் வந்து அடக்கிக்கொண்டாள். காற்று ஆடியோடு போயிற்று, டீசல் ஆவணியிலும் போகிறதே என்று கேட்டாள். சென்னிமலை அந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தவர்போலத் தலைத்துண்டை அவிழ்த்து உதறி மறுபடி கட்டிக்கொண்டார்.

ஆவணியில் பாரம்தான் காரணமாம். சுகந்தியம்மிணி தோட்டத்து இலை அப்படிப்பட்ட இலை. அறுத்துக் கட்டிய பிறகும் அதற்கு உயிர் போகாது. வழியில் தூறல் விழுந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். காரமடையில் கட்டுக்குள்ளிருந்து குருத்து எட்டிப் பார்த்ததாம். பெரியநாயக்கன்பாளையத்தில் மரமாகித் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு நின்றதாம். துடியலூர் சிக்னலில் நிற்கும்போது பூத் தள்ளியதாம். மண்டபத்தில் போய் இறக்கினால் அத்தனையும் பழுத்த வாழைத்தார். இலைப் பாரத்தோடு கிளம்பி வாழைத்தோப்போடு போய்ச் சேருகிற வண்டி டீசல் குடிக்காமல் வேறென்ன செய்யும் என்றார்.

“நம்மகிட்ட இலைக்குத்தானே சொல்லியிருந்தாங்க. அந்தப் பழமெல்லாம் என்னாச்சுங்கண்ணா?” என்றாள் சுகந்தி.

“நல்லாக் கேட்டீங்க அம்மிணி. பந்தியில எலைக்கு ஒரு பழம் இருந்துச்சா இல்லியா? பின்ன அத யாரு வெச்சதுன்னு நெனச்சீங்க?”

மாரப்பன் டயரிலிருந்து சரிந்தே போனார். பாய் மட்டும் சிரிக்கவில்லை. கைத் துணியில் விரல்களைத் துடைத்துக்கொண்டு வந்து, இவ்வளவு நேரமாக ஆள் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் இஞ்சினை இப்போதாவது நிறுத்தலாமா என்று கேட்டார். இலை ஏற்றும்போது நிறுத்துவதுண்டா? மண்டபத்தில் இறக்கும்போது? சாப்பிடும்போது? அவர் கேட்கக் கேட்க சுகந்திக்கு ஒவ்வொன்றாகக் கண்ணில் வந்தது. தோட்டத்தில் இலை கட்டி முடிகிற வரைக்கும் உறுமிக்கொண்டு நிற்கும் வண்டி. வீட்டு வாசலில் இடம் இருந்தும், ராத்திரி ரயில்வே கேட் மேட்டில் கொண்டுபோய் ஏன் விடுகிறார் என்று அவளே ஒருமுறை கேட்டிருக்கிறாள். மேட்டில்தான் வண்டிக்கு நல்ல தூக்கம் வரும் என்றிருந்தார்.

சென்னிமலை பின்வாங்குகிற ஜாதி இல்லை. இந்த இஞ்சினை நிறுத்தினால் நடக்கும் விபரீதம் தெரியாமல் பேசாதீர்கள் என்றார். ஒரு தடவை சிறுமுகைப் பக்கம் பவானிக் கரையில் நிறுத்திப் பார்த்தாராம். அதுவரைக்கும் இந்தச் சத்தத்துக்கே ஓடிப் பழகிய ஆறு, சரி, இன்றைக்கு இவ்வளவுதான் என்று அப்படியே படுத்துவிட்டது. தண்ணீர் அசையவில்லை. மீனெல்லாம் பாதித் துள்ளலில் அந்தரத்தில் நிற்கின்றன. சனங்கள் செருப்பைக்கூடக் கழற்றாமல் அக்கரைக்கு நடந்துபோய்ச் சந்தையில் சாமான் வாங்கித் திரும்பிவிட்டார்கள். கடைசியில் இவர் வண்டியைக் கிளப்பிய பிறகுதான் ஆறு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து ஓடியதாம்.

“ஆறு எந்திரிச்சது சரிங்க” என்றார் மாரப்பன். “நின்ன வண்டியை எப்படிக் கெளப்புனீங்க?”

சென்னிமலை தலைத்துண்டின் முனையைப் பிடித்து முறுக்கினார். சுகந்தி அவரை அப்படிப் பார்த்ததே கிடையாது. இஞ்சின் மட்டும் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

“தள்ளித்தான்” என்றார் மெதுவாக.

பாய் தலையை ஆட்டினார். வண்டியைக் கிளப்புகிற செல்ஃப் மோட்டார் போயிருக்கும், பேட்டரியும் செத்திருக்கும், இரண்டும் பெரிய வேலை இல்லை, நாலு ரோடு எலக்ட்ரீசியனிடம் விட்டால் இன்றைக்கே முடிந்துவிடும் என்றார். டீசல் எங்கும் போகவில்லை. காலையில் மேட்டிலிருந்து உருட்டிக் கிளப்பிய இஞ்சின், வண்டி நின்ற இடத்திலும் ராத்திரி வரைக்கும் ஓடியிருக்கிறது.

இதை ஏன் முன்னமே சொல்லவில்லை என்று கேட்டாள் சுகந்தி. சென்னிமலை தரையைப் பார்த்தபடி சொன்னார்: “பிக்கப் ஸ்டாண்டுல அத்தன டிரைவருக்கும் முன்னாடி, என்ற வண்டி தள்ளிக் கெளப்பற வண்டி இல்லடான்னு சொல்லிப்போட்டனுங்க அம்மிணி.”

அவள் போன் அடித்தது. புரோக்கர்தான். பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டாராம், பட்டறைக்கு வழி கேட்டார். சுகந்தி சென்னிமலையைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள். வண்டி கொடுப்பதற்கில்லை என்று சொல்லிப் போனை வைத்தாள்.

சென்னிமலையின் முகத்தில் வெளிச்சம் வந்தது. அவள் கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அவளுக்கு ஸ்டியரிங்கை நேராகப் பிடிக்க மட்டும் தெரியும்.

“இனிமேல் நின்னா ஆஃப்தானுங்கண்ணா. எங்க நின்னாலும். அதுக்குச் சரின்னா நீங்கதான் டிரைவரு.” சாவியைத் திருப்பி இஞ்சினை நிறுத்தினாள். ஊரே ஒரு நிமிஷம் காது அடைத்ததுபோல ஆயிற்று. “எலக்ட்ரீசியன் கடைக்குப் போலாமுங்களா?”

நாலு ரோட்டுக்குப் போகிற வழியில்தான் பிக்கப் ஸ்டாண்டு. ஓடுகிற வண்டியை ஓட்டியே போயிருக்கலாமே என்று சென்னிமலை முனகினார். அவள் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். உதவிக்கு எழுந்த மாரப்பனைப் பாய் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

சென்னிமலை தலைத்துண்டை அவிழ்த்தார். கண் மட்டும் தெரிகிற மாதிரி அதை முகத்தைச் சுற்றிக் கட்டினார். பின்பக்கம் போய்த் தோளைக் கொடுத்துத் தள்ள ஆரம்பித்தார்.