கோட்டையைச் சுற்றிய ஒன்பது கஜம்

ஒரே ஒரு மலையாம். மலைமேல ஒரே ஒரு கோட்டையாம். மராட்டிய நாட்டுக் கோட்டை.

அந்தக் கோட்டையின் காவல் தலைவர் காலமானார். சாவிக்கொத்து இனி அவர் மனைவி சகுணாபாய்க்கா, தம்பி விட்டோஜிக்கா என்று பேச்சு வந்தது.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. குதிரையை விட்டு இறங்காமல் யார் மதிலை ஒரு சுற்றுச் சுற்றி வருகிறார்களோ, சாவி அவர்களுக்கு. முதல் வாய்ப்பு மனைவிக்கு. வரும் பௌர்ணமி அன்று சுற்ற வேண்டும்.

பௌர்ணமிக்கு ஐந்து நாள் இருக்கும்போது, சகுணாபாய் மலை இறங்கிப் போனாள். அடிவாரத்தில் பெண்களுக்குக் கம்பு சுற்றக் கற்றுத்தரும் தானுவின் முன்னால் போய் நின்றாள்.

"புடவை நழுவுது."

தானு கம்புக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"குதிரை எனக்குப் பழகிப்போச்சு. ஏறக் காலைத் தூக்கினாத்தான் வம்பு. பின்னால செருகின கச்சம் உருவிக்கிட்டு வருது. நழுவாத கட்டு ஒண்ணு சொல்லிக்கொடு."

"எனக்கு இருபத்தாறு வயசுதான். குருன்னு கூப்பிட உங்களுக்கு வாய் வருமா?"

"என் மூத்த மக உன்னைவிடப் பெரியவ."

"அப்ப அவகிட்டயே கேட்டிருக்கலாமே."

சகுணாபாய் உதட்டைக் கடித்தாள். பிறகு சொன்னாள்: "சரி, குருவே."

தானு நிமிர்ந்தாள். "யார் கட்டிவிடுறாங்க?"

"மூணு பணிப்பெண்கள். ஒருத்தி கொசுவம் எடுப்பா. ஒருத்தி கச்சம் இழுத்துச் செருகுவா. ஒருத்தி முந்தானை போடுவா."

"நீங்க?"

"நான் நிப்பேன்."

"நின்னு காட்டுங்க."

சகுணாபாய் இரண்டு பாதத்தையும் ஒட்டி வைத்து, பார்வையைத் தாழ்த்தி நின்றாள்.

"நல்லா நிக்கிறீங்க. சிலை செய்யறவன் யாராவது வந்தா சொல்லி அனுப்புறேன்."

சகுணாபாயின் முகம் சிவந்தது. "கேலி வேண்டாம். நீங்களே கட்டிவிடுங்க."

தானு கட்டிவிட்டாள். முன்னால் முடிச்சு, அடுக்கடுக்காய்க் கொசுவம், கால்களுக்கு நடுவே வாங்கிப் பின்னிடுப்பில் செருகிய கச்சம். ஒரு சுருக்கம் இல்லை.

"அந்த ஓடையைத் தாண்டுங்க."

சகுணாபாய் தாண்டினாள். தொளதொளத்த துணி முழங்காலைச் சுற்றிக்கொண்டது. தண்ணீரில் விழுந்தாள்.

"உங்க கட்டும் இவ்வளவுதானா!"

"அது என் தாவலுக்குக் கட்டினது."

"என் தாவலுக்குக் கட்டக் கூடாதா?"

"நீங்க தாவி நான் பார்த்ததில்லையே. நீங்க பார்த்திருக்கீங்களா?"

சகுணாபாயின் தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் தானு கம்பு நுனியால் மணலில் இரண்டு கோடு கிழித்தாள். நடுவில் ஒரு பெரிய எட்டு வைக்கும் அளவு இடைவெளி.

"இதில ஒரு கால். அதில ஒரு கால். இப்பக் கட்டுங்க."

"இப்படி அகட்டி நின்னா எங்க அம்மா அடிப்பாங்க."

"அம்மா குதிரை ஏறினாங்களா?"

"மாட்டுவண்டி ஏறவே பயப்படுவாங்க."

"அப்ப அவங்க சொன்னது அவங்களுக்குச் சரி."

சகுணாபாய் கோட்டின்மேல் நின்றாள். தன் கையால் கட்டினாள்.

"அவிழுங்க," என்றாள் தானு.

மறுபடி கட்டினாள்.

"அவிழுங்க."

அதன்பின் அந்த நான்கு நாளும் தானு வேறு வார்த்தை பேசவில்லை.

பௌர்ணமி அன்று காலை ஊர் முழுக்க மதில்மேல் இருந்தது. பணிப்பெண்கள் மூன்று பேரும் கை கட்டி நின்றார்கள். சகுணாபாய் தானே கட்டிக்கொண்டு வந்திருந்தாள். பச்சை நிற ஒன்பது கஜப் புடவை.

விட்டோஜி எல்லார் காதிலும் விழும்படி சொன்னான்: "அண்ணி, பல்லக்கு தயாரா வச்சிருக்கேன். பாதி வழியில கச்சம் அவுந்தா குடும்ப மானமும் சேர்ந்து அவுந்துடும்."

சகுணாபாய் ஒரே வீச்சில் குதிரை ஏறினாள். கச்சம் அசையவில்லை.

கிழக்கு வாசல் தாண்டியது. தெற்குக் கொத்தளம் தாண்டியது. மேற்கே மழை அரித்த பள்ளம் ஒன்று. குதிரை தாவியது.

கச்சம் உருவிக்கொண்டது.

கூட்டம் மூச்சைப் பிடித்தது. விட்டோஜி கை தட்டினான். நான்கு பேர் பல்லக்கைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து பாதையில் நின்றார்கள்.

சகுணாபாய் குதிரையை நிறுத்தினாள். இறங்கவில்லை. கடிவாளத்தைப் பல்லில் கடித்துக்கொண்டாள். சேணத்தின் அங்கவடிகளில் பாதம் ஊன்றி, காலை அகட்டி, நெட்டுக்குத்தாக எழுந்து நின்றாள். ஊரே பார்க்க, தொங்கிய துணியைப் பின்னால் இழுத்துச் செருகினாள். அவசரமே படவில்லை.

பிறகு கடிவாளத்தைக் கையில் எடுத்தாள்.

"பல்லக்கை ஓரம் கட்டுங்க. குதிரை வருது."

ஓரம் கட்டினார்கள்.

மதில்மேல் முதலில் ஒரு பெண் குரல் கொடுத்தாள். அப்புறம் எந்தக் குரல் யாருடையது என்று தெரியவில்லை. சுற்றி முடித்து வந்தவள் கையில் சாவிக்கொத்தை வைத்தபோது தாரை ஊதினார்கள். அவள் குனிந்து வாங்கவில்லை. கிழவர் ஒருவர் கையை உயர்த்தித்தான் கொடுத்தார்.

கூட்டம் கலைந்தது. விட்டோஜி மட்டும் மலைப்படியில் தானுவை மறித்தான்.

"குருவாம் குரு! அஞ்சு நாள் வச்சிருந்து, நழுவாத கட்டு ஒண்ணு சொல்லித்தர உன்னால முடியலையே?"

"அப்படி ஒரு கட்டு எனக்கே தெரியாதுங்க," என்றாள் தானு.

தன் கச்சத்தைப் பின்னால் ஒரு இழுப்பு இழுத்துச் செருகிக்கொண்டு, இரண்டு இரண்டு படியாகத் தாவி இறங்கிப் போனாளாம்.