எட்டாவது போல்ட்

வெள்ளியங்கிரிக்கு ஐம்பத்து நான்கு வயது. அவருடைய குருவுக்கு முப்பத்தேழு. சொந்தக்காரர்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

குருவின் பெயர் ஜெசிந்தா. கோவைக்குத் தெற்கே, ரேஸ் டிராக்குக்குப் போகிற வழியில், தகரக் கூரை போட்ட ஒரு ஷெட்டில் பந்தயக் கார்களுக்கு இரும்புக் குழாயால் சட்டகம் செய்து தருவார். பேச்சு குறைவு. வேலை சுத்தம்.

வெள்ளியங்கிரி ஒரு பம்ப் கம்பெனியில் இருபத்தாறு வருடம் தரம் பார்த்தவர். மயிரிழை பிசகினாலும் பொருளைத் திருப்பி அனுப்பிவிடுவார். அந்த வேலையை உதறிவிட்டு ஒரு நாள் ஷெட் வாசலில் வந்து நின்றார்.

“கதவில்ல, கூரையில்ல. வெறும் குழாயி, நாலு சக்கரம், ஒரு பைக் எஞ்சின். நானூறு கிலோவத் தாண்டக் கூடாது. டிராக்குல மட்டும் ஓட்டற வண்டி. அதைப் பாகம் பாகமாப் பெட்டியில போட்டுக் குடுத்திரோணும். வாங்கறவங்க வீட்டுலயே ஸ்பேனர வெச்சு மாட்டிக்கோணும். இது ஆகுமுங்களா மாஸ்டர்?”

ஜெசிந்தா அவரை ஏற இறங்கப் பார்த்தார். “வெல்டிங் தெரியுமுங்களா?”

“அடுத்தவங்க வெச்சதுல குத்தம் கண்டுபுடிச்சிருக்கறனுங்க.”

“அந்த மூலையில கண்ணாடி கெடக்குது. எடுத்து மாட்டுங்க.”

முதல் வருடம் அவர் வைத்த வெல்டிங் அத்தனையும் பழைய இரும்புக் கடைக்குப் போயின. இரண்டாம் வருடம் பாதி போயின. மூன்றாம் வருடம் வண்டி தரையில் நின்றது. முந்நூற்றுத் தொண்ணூற்றாறு கிலோ. ஜெசிந்தாவே அதை டிராக்கில் ஓட்டிப் பார்த்தார். வண்டி பறந்தது. பிரேக் பிடித்தால் மட்டும் லேசாக இடப்பக்கம் இழுத்தது. வெள்ளியங்கிரி ஒரு ஸ்பிரிங்கை இரண்டு சுற்று முறுக்கினார். இழுப்பு போய்விட்டது.

ஜெசிந்தா அவர் முறுக்கிய ஸ்பிரிங்கைக் குனிந்து பார்த்தார்.

அந்த வாரமே ஈரோட்டிலிருந்து ஒரு பல் டாக்டர் வந்தார். நூர்ஜஹான் என்று பெயர். வண்டியைச் சுற்றி மூன்று தடவை நடந்தார். உட்கார்ந்து பார்த்தார், பெடல் எட்டவில்லை.

“சீட்டக் கொஞ்சம் முன்னால தள்ளிக் குடுங்க. மத்ததெல்லாம் நானே மாட்டிக்கறேன். தெனமும் பல்லுக் கட்டறவளுக்கு இதென்ன பெரிய காரியம்?”

அன்றைக்கு வெள்ளியங்கிரிக்குக் கால் தரையில் பாவவில்லை. மறுநாள்தான் பயம் வந்தது. அந்த அம்மாளைச் சுற்றி வெறும் குழாய்தான் இருக்கப் போகிறது. ஒரு இடம் பிசகினாலும் உயிருக்கு ஆபத்து.

“மாஸ்டர், பெட்டிய அனுப்பலாமுங்களா?”

“வண்டியக் கழட்டுங்க.”

கழற்றினார். பதினோரு பெட்டி ஆயிற்று.

“கழட்டியாச்சுங்க.”

“மாட்டுங்க.”

நாலே நாளில் மாட்டினார். மாட்டும் முறையைச் சொல்லி அவரே எழுதிய புத்தகம் ஒன்று உண்டு. அதைத் திறக்கக்கூட இல்லை.

“இப்ப அனுப்பலாமுங்களா?”

“கழட்டுங்க.”

மறுபடி கழற்றிப் பெட்டியில் போட்டபோது அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “கண்ணக் கட்டி உட்டாலும் மாட்டுவனுங்க. இன்னும் என்னதானுங்க வேணும் உங்களுக்கு?”

“தெய்வானை அக்காவக் கூட்டிக்கிட்டு வாங்க.”

தெய்வானை அவருடைய மனைவி. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். ஸ்பேனரைச் சமையலறை ஜன்னல் காற்றில் அடிக்காமல் இருக்க முட்டுக் கொடுப்பதற்குத்தான் அதுவரை தொட்டிருந்தார். நான்கு நாள் லீவு போட்டுவிட்டு, சோற்றுத் தூக்குப்போசியும் மூக்குக் கண்ணாடியுமாக வந்து இறங்கினார்.

ஜெசிந்தா அவர் கையில் புத்தகத்தைக் கொடுத்தார். பெட்டிகளைக் காட்டினார். பிறகு வெள்ளியங்கிரியிடம் திரும்பினார்.

“நீங்க அந்த ஸ்டூலுல உக்காருங்கண்ணா. பேசக் கூடாது. தொடக் கூடாது. கண்ணுல ஜாடையும் காட்டக் கூடாது.”

“என்ற ஊட்டுக்காரிக்கு நான் சொல்லித் தரக் கூடாதுங்களா?”

“இவரு சொல்லி நான் என்னைக்கு அம்மிணி கேட்டிருக்கறேன்?” என்றார் தெய்வானை. “நீ பயப்படாத.”

தெய்வானை ஒரு வெள்ளைத் துணியை விரித்து ஸ்பேனர்களை அளவுவாரியாக அடுக்கினார். போல்ட்டுகளை எண்ணினார். எடுத்தது எத்தனை, மிச்சம் எத்தனை என்று ஒவ்வொரு பாகம் முடிந்ததும் மறுபடி எண்ணினார். ஸ்டூலில் இருந்தவருக்குக் கை பரபரத்தது. தான் ஒரு மணி நேரத்தில் முடிப்பதற்கு இவள் மூன்று மணி நேரம் எடுக்கிறாளே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

“‘உரிய முறையில் பொருத்தவும்’னு போட்டிருக்குதே,” என்றார் தெய்வானை புத்தகத்தைப் பார்த்து. “உரிய முறைன்னா எந்த முறை? எழுதுனவருக்காச்சும் தெரியுமா?”

எழுதியவர் கூரையைப் பார்த்தார்.

மூன்றாம் நாள் மத்தியானம். எஞ்சினைத் தாங்குகிற பின் சட்டகத்தை முன் சட்டகத்தோடு சேர்க்க வேண்டும். அதற்கு எட்டு போல்ட். ஏழும் விரலாலேயே உள்ளே போயின. எட்டாவது போகவில்லை.

தெய்வானை டார்ச் அடித்துத் துளைக்குள் பார்த்தார். முன் துளையும் பின் துளையும் நேராக இல்லை. ஓரத்தில் பிறை மாதிரி இரும்பு தெரிந்தது. அவர் கையை எடுத்துவிட்டு, போல்ட்டைத் துணிமேல் வைத்தார்.

வெள்ளியங்கிரி எப்போது எழுந்தார் என்று அவருக்கே தெரியாது. இரண்டு எட்டில் வந்தார், போல்ட்டை எடுத்தார், அது உள்ளே போய்விட்டது.

“அவ்வளவுதான்! இதுக்குப் போயி டார்ச் அடிச்சுக்கிட்டு!”

தெய்வானை அவர் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தார்.

“இப்ப என்ன பண்ணுனீங்க?”

“போல்ட்டப் போட்டேன்.”

“கையில போல்ட்டப் போட்டீங்க. காலுல என்ன பண்ணுனீங்க?”

குனிந்து பார்த்தார். அவருடைய வலது முழங்கால் இன்னும் அந்தக் குழாயை நெட்டித் தள்ளிக்கொண்டு நின்றது. சட்டென்று காலை எடுத்தார்.

ஜெசிந்தா வந்தார். போல்ட்டை வெளியே இழுத்தார். ‘டங்’கென்று குழாய் துள்ளி விலகியது. துளையில் மறுபடி பிறை.

“ஒவ்வொரு தடவையும் இப்படித்தானுங்களா?”

“தெரியலீங்க மாஸ்டர்.” அவர் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே தெரியாது. “அப்ப அந்த இடப்பக்கத்து இழுப்பு?”

ஜெசிந்தா தலையாட்டினார்.

வெள்ளியங்கிரிக்கு முகம் செத்துப்போயிற்று. சட்டகம் முறுக்கிக்கொண்டு நின்றிருக்கிறது. ஸ்பிரிங்கைத் திருகி அதை மூடி மறைத்திருக்கிறார். ஆயிரம் பம்பைத் திருப்பி அனுப்பிய மனுஷன், தன் கையால் செய்ததற்கு முழங்காலை முட்டுக் கொடுத்துப் பாஸ் போட்டிருக்கிறார்.

“அந்த ஒரு துளைய மட்டும் அராவிப் பெரிசு பண்ணிரட்டுமுங்களா?”

“பண்ணுங்க. பொறவு போற பெட்டி ஒவ்வொண்ணுலயும் ஒரு அரம் வெச்சிருங்க.”

“அதில்லீங்க...”

“இல்லாட்டி பன்னண்டாவதா ஒரு பெட்டி போட்டு, அதுல உங்க முழங்கால வெச்சு அனுப்புங்கண்ணா.”

தெய்வானைக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். “தியேட்டர்ல ஒண்ணு உள்ள போகலைன்னா நாங்க தள்ள மாட்டம் அம்மிணி. நிறுத்திருவம்.”

“அது தெரிஞ்சுதானுங்க அக்கா கூப்பிட்டேன்.”

மறுநாள் வெள்ளியங்கிரி ஈரோட்டுக்கு போன் செய்து நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். ஆர்டர் போய்விடும் என்றுதான் நினைத்தார்.

“எத்தனை நாளாகும்?” என்றார் டாக்டர்.

“ரெண்டு மாசமாகுமுங்க.”

“ஆகட்டும். சொத்தைய உள்ள வெச்சு மேல பூசி அனுப்பாம இருந்தீங்களே.”

பின் சட்டகத்தை அறுத்துப் போட்டார். வெல்டிங் வைக்கும்போது குழாய்களை அசையாமல் பிடித்துக்கொள்ளும் இரும்புச் சட்டத்தைப் புதிதாகச் செய்தார். முன்பெல்லாம் ஒரு பக்கத்தை முழுக்க முடித்துவிட்டு மறுபக்கம் போவார். சூடு குழாயை இழுத்துவிடும். இப்போது இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று மாற்றி மாற்றி வைத்தார். ஆறுகிறவரை பிடியைத் தளர்த்தவில்லை. அவசரக்காரருக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. புத்தகத்தையும் திருத்தினார். தெய்வானை எங்கெங்கே கேள்வி கேட்டாரோ அங்கெல்லாம் பதிலை எழுதினார்.

தெய்வானை மறுபடி லீவு போட்டார். ஏழு போல்ட் போயின. எட்டாவதை எடுத்தபோது வெள்ளியங்கிரி ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு முழங்காலையும் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

விரலாலேயே போயிற்று.

இந்தத் தடவை அவர் ஜெசிந்தாவிடம் எதுவும் கேட்கவில்லை. ஈரோட்டுக்கான பெட்டிகளைக் கட்டினார். டெம்போ வந்ததும் முதல் பெட்டியை ஜெசிந்தாவே தூக்கி ஏற்றினார்.

அதற்குப் பிறகு ஈரோட்டிலிருந்து ஒரு தகவலும் இல்லை. ஒரு வாரம், இரண்டு வாரம். வெள்ளியங்கிரி போனைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தார். ஒரு சந்தேகம்கூடவா வராது? நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரட்டுமா என்று இரண்டு தடவை கேட்டார். ஜெசிந்தா இரண்டு தடவையும் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றவில்லை.

பெட்டிகள் போன பத்தாவது ஞாயிற்றுக்கிழமை, டிராக்கில் எல்லாரும் வண்டி ஓட்டிப் பழகும் நாள். ஜெசிந்தா அவரைக் கூட்டிக்கொண்டு போனார்.

பச்சைச் சாயம் அடித்து அந்த வண்டி நின்றுகொண்டிருந்தது. நூர்ஜஹான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு உள்ளே ஏறினார். முதல் சுற்று மெதுவாகப் போனார். ஐந்தாவது சுற்றில் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க வேண்டியிருந்தது. வளைவுக்கு முன்னால் பிரேக் பிடித்தார். வண்டி எந்தப் பக்கமும் இழுக்காமல் வேகம் குறைந்து, திரும்பி, பாய்ந்தது. வெள்ளியங்கிரிக்குக் கண் கலங்கிவிட்டது. தூசி என்று துடைத்துக்கொண்டார்.

இருபது சுற்று முடித்து வண்டி திரும்பி வந்தது. கூட்டம் கூடிவிட்டது. வெள்ளியங்கிரியும் ஜெசிந்தாவும் கூட்டத்துக்குப் பின்னால் நின்றார்கள். டிராக்கில் வண்டிகளைச் சோதிக்கிற அதிகாரி குனிந்து ஒவ்வொரு குழாயாகப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“பிரமாதமா இருக்குதுங்க. யாரு கட்டுன வண்டி இது?”

நூர்ஜஹான் ஹெல்மெட்டைக் கழற்றினார். முகமெல்லாம் வேர்வை, சிரிப்பு.

“நான்தான் கட்டினேன். எங்க வீட்டு ஷெட்டுல. ஒன்பது ஞாயித்துக்கெழமை. யாரையும் ஒரு வார்த்தை கேக்கல!”

கூட்டம் கை தட்டியது. வெள்ளியங்கிரியின் முகம் சுருங்கிவிட்டது.

“கேட்டீங்களா மாஸ்டர்? அவங்களே கட்டுனாங்களாம்.”

“கேட்டனுங்க.”

“மூணு வருசமுங்க மாஸ்டர்! மூணு வருசம் ராப்பகலா...”

“ஆமாங்கண்ணா,” என்றார் ஜெசிந்தா, கைதட்டிக்கொண்டே. “அவங்க அப்படிச் சொல்றதுக்கு அத்தனை வருசம் ஆச்சுங்க.”