அவரவர் பூட்டு

“வெட்டுய்யா!” என்று ரகோத்தமன் கத்தினார். “ஒரு பூட்டு. அதை வெட்ட இவ்வளவு நேரமா?”

உமாபதியின் கையில் கட்டர் இல்லை. அந்த நீளமான வெட்டுக்கருவி ஜெசிந்தாவிடம் இருந்தது. அதைக் குடை மாதிரித் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றாள். வெட்டுகிற முகமாகவே இல்லை.

பதினாறாம் மாடி வெந்துகொண்டிருந்தது. சித்திரை மாதத்து உச்சி வெயில். நாலு பக்கமும் கண்ணாடி, திறக்கிற ஜன்னல் ஒன்றுகூடக் கிடையாது. ஏ.சி. என்றாவது நிற்கும் என்று அந்தக் கட்டடத்தைக் கட்டியவர்களுக்குத் தோன்றவே இல்லை போல. உள்ளே வேலை பார்க்கிறவர்கள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையாலேயே விசிறிக்கொண்டிருந்தார்கள். அந்த மாடியில் இருந்த கம்பெனிக்கு ரகோத்தமன்தான் நிர்வாக மேலாளர். அவர் சட்டை முதுகோடு ஒட்டிப் போயிருந்தது.

மாடிக்கு ஒரு ஏ.சி. அறை. அதற்குள் ஒரு பெரிய தகரப் பெட்டி, ஆள் குனிந்து நுழைகிற அளவுக்குக் கதவு. பெட்டிக்குள் ஆள் உயரத்துக்கு ஒரு காற்றாடி. அது சுற்றினால்தான் மாடி குளிரும். சுற்றுகிற நேரத்தில் உள்ளே ஒரு கை இருந்தால் அந்தக் கை மிஞ்சாது. ஆளே இருந்தால் என்ன ஆகும் என்று அங்கே யாரும் பேசுவதில்லை.

அதனால் அவர்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. உள்ளே போகிறவர் முதலில் எதிர்ச் சுவரில் இருக்கிற மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். அதன் கைப்பிடியில் ஓட்டைகள் உண்டு. அதில் தன் பெயர் எழுதிய சிவப்புப் பூட்டைப் போட்டுச் சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். பூட்டு தொங்குகிறவரை யார் அழுத்தினாலும் கைப்பிடி மேலே ஏறாது. இரண்டு பேர் உள்ளே போனால் இரண்டு பூட்டு. அடுத்தவர் பூட்டை நம்பி யாரும் நுழையக் கூடாது, அடுத்தவர் பூட்டை யாரும் தொடவும் கூடாது.

இன்று தொங்கிய பூட்டில் மைதீன் என்று எழுதியிருந்தது. காலையில் காற்றாடிக்கு பெல்ட் மாற்றப் போனவர் மைதீன். பையன் பள்ளிக்கூட மாடிப்படியில் விழுந்துவிட்டான் என்று போன் வந்ததும் போட்டது போட்டபடி ஓடிவிட்டார். அவர் ஓடியதை வாசல் செக்யூரிட்டி பார்த்திருக்கிறான். சாவி அவர் பையோடு போய்விட்டது. போன் அடித்தால் அணைந்து கிடந்தது.

“ஏம்மா, பூட்டுக்குப் பூஜை பண்றீங்களா?” என்றார் ரகோத்தமன். “கற்பூரம் வேணும்னா வாங்கிட்டு வரச் சொல்றேன்.”

“வேண்டாம் சார்” என்றாள் ஜெசிந்தா. “தண்ணி கேன் நாலு வாங்கி வரச் சொல்லுங்க. ஆளுங்களுக்குக் குடுக்கலாம்.”

அவர் தலையில் அடித்துக்கொண்டு ஹாலுக்குப் போனார்.

ஜெசிந்தா அந்தக் கட்டடத்தின் பராமரிப்புப் பொறுப்பில் இருந்தாள். உமாபதியைவிட வயதில் சின்னவள். உமாபதி இருபது வருஷம் கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டர் ஓட்டியவர். அங்கே முகூர்த்த நேரத்தில் ஏதாவது நின்றால் ஓடுகிற மெஷினிலேயே கைவைக்க வேண்டியதுதான். அந்தக் கை வேகத்தோடு இங்கே தொழில் கற்றுக்கொள்ள வந்தார். வந்த அன்றைக்கு ஜெசிந்தா அவரை எந்த மெஷினையும் தொட விடவில்லை. அவர் பெயர் எழுதிய பூட்டு ஒன்றைக் கையில் கொடுத்து, “இது உங்களுக்கு” என்று மட்டும் சொன்னாள். அதற்கப்புறம் எங்கே போனாலும் அவரைக் கூடவே கூட்டிப்போனாள். ‘மேடத்தோட சிஷ்யர்’ என்று மற்றவர்கள் கிண்டல் செய்தார்கள். அவருக்கு அது பிடித்துத்தான் இருந்தது.

இப்போது பிடிக்கவில்லை.

“மேடம், ஒண்ணு கேக்கலாமா?”

“கேளுங்க.”

“முந்நூறு பேர் வேகுறாங்க. ஒரு பூட்டுக்கா காத்திருக்கோம்?”

“பூட்டுக்கு இல்லை. மைதீன் பாய்க்கு.”

“பாய்தான் போயிட்டாரே. எல்லாருக்கும் தெரியுமே.”

“எல்லாருக்கும் தெரிஞ்சது அவர் வாசலைத் தாண்டினதுதான். பெல்ட்டை மாட்டினாரா, பாதியில விட்டாரா, கூட வேற யாரையாவது உள்ளே விட்டிருந்தாரா? இது பாய்க்குத்தான் தெரியும்.”

“கதவைத் திறந்து டார்ச் அடிச்சுப் பார்த்தேன். ஒண்ணுமில்லை.”

“ஃபேனுக்குப் பின்னாடி?”

உமாபதி பெட்டியின் கதவைத் திரும்பிப் பார்த்தார். பின்னாடி தெரியாது. உள்ளே போய்த்தான் பார்க்க வேண்டும்.

“சரி, அவர் போன் ராத்திரிவரைக்கும் வரலைன்னா?”

“பள்ளிக்கூடத்துல விசாரிச்சு ஆள் அனுப்பியிருக்கேன், பைக்ல. ஆஸ்பத்திரி கிட்டத்தான்.”

“மண்டபத்துல இதெல்லாம் பார்த்திருந்தா ஒரு கல்யாணமும் நடந்திருக்காது மேடம்.”

“அங்க யாருக்கும் அடிபட்டதில்லையா?”

உமாபதி இடது கையைப் பையில் விட்டுக்கொண்டார். அவருடைய இடது கையில் சுண்டுவிரல் பாதிதான் இருந்தது. அவள் அந்தக் கையைப் பார்க்கவும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் அவள் போன் அடித்தது. பைக்கில் போன ஆள். அவன் போனை மைதீனிடம் கொடுத்தான். ஜெசிந்தா ஸ்பீக்கரில் போட்டாள்.

“பாய், பையன் எப்படி இருக்கான்?”

“கை முறிஞ்சிருக்கு மேடம். கட்டு போடுறாங்க. அல்லா காப்பாத்தினான், தலையில ஒண்ணுமில்லை. மேடம், சாவி... மன்னிச்சிக்குங்க, என் பையிலயே...”

“அது கிடக்கட்டும். உள்ளே யாராவது இருக்காங்களா?”

“யாருமில்லை. நான் ஒரு ஆள்தான் போனேன்.”

“பெல்ட்?”

“மாட்டிட்டேன், முறுக்கிட்டேன். ஆனா ஸ்பானரை உள்ளேயே வெச்சிட்டு வந்துட்டேன் மேடம். ஃபேனுக்குப் பின்பக்கம். அதை எடுக்காம ஓட்டிடாதீங்க, பிளேடு சிதறிடும்.”

“உங்க பூட்டை வெட்டலாமா?”

“வெட்டிக்குங்க மேடம்.”

போனை வைத்தாள். கட்டரை உமாபதியிடம் நீட்டினாள்.

“முதல்ல உங்க பூட்டைப் போடுங்க. அப்புறம் பாய் பூட்டை வெட்டுங்க. உள்ளே போய் ஸ்பானரை எடுங்க, வேற ஏதாவது கிடக்கான்னு ஒரு தடவை சுத்திப் பாருங்க. வெளியே வந்து உங்க பூட்டைத் திறந்துட்டு ஸ்விட்சைப் போடுங்க.”

“சரி மேடம்.”

அந்த நேரம் பார்த்து ஹாலில் ஒரு பெண் மயங்கி விழுந்துவிட்டாள் என்று செக்யூரிட்டி ஓடி வந்தான். ஜெசிந்தா அவனோடு ஓடினாள். எதிரே வந்த ரகோத்தமன் அறைக்குள் எட்டிப் பார்த்தார்.

“பர்மிஷன் கிடைச்சாச்சா? அப்போ வெட்டுங்க சார், ப்ளீஸ். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

உமாபதி பைக்குள் கைவிட்டார். பூட்டு இல்லை.

எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அடித்தளத்தில் பணியாளர் அறை லாக்கரில் தொங்குகிறது. லாக்கருக்குப் பூட்டு தரமாட்டார்கள், சொந்தப் பூட்டு வாங்கிப் போட வேண்டும். அந்தச் செலவை மிச்சம் பிடிக்க எல்லாரும் சிவப்புப் பூட்டையே போடுவார்கள். காலையில் வந்ததும் அவரும் போட்டார். வேலைக்கு மாடி ஏறும்போது கழற்றிக் கொண்டுவர வேண்டும். இன்றைக்கு மறந்துவிட்டது.

கீழே போய் வர வேண்டும் என்றால் லிஃப்டுக்கு நிற்க வேண்டும். அதைவிட, என் பூட்டு லாக்கரில் தொங்குகிறது என்று இந்த மனிதரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மானம் போகிற காரியம்.

கட்டரை மைதீன் பூட்டில் வைத்து அழுத்தினார். பூட்டு தெறித்தது.

“சபாஷ்!” என்று ரகோத்தமன் கையைத் தட்டினார். “வெட்டியாச்சு, வெட்டியாச்சு” என்று சொல்லிக்கொண்டே ஹாலுக்குப் போனார். உள்ளேயிருந்து கைதட்டல் கேட்டது.

உமாபதி சுவிட்சைப் பார்த்தார். ஓட்டை காலியாக இருந்தது. அறையில் யாருமில்லை. யார் வரப்போகிறார்கள்? ஒரு ஸ்பானர்தானே. கண்ணை மூடித் திறப்பதற்குள் எடுத்துவிடலாம்.

டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு தகரப் பெட்டிக்குள் நுழைந்தார். உள்ளே எண்ணெயும் ரப்பரும் கலந்த வாசனை. காற்றாடிக்கும் சுவருக்கும் நடுவே உடம்பை ஒருக்களித்து நுழைக்க வேண்டியிருந்தது. ஒரு பிளேடு அவர் நெஞ்சில் பட்டது. இன்னொன்று முதுகுப் பக்கம். ஸ்பானர் பின்னால், எட்டாத மூலையில் கிடந்தது. இன்னும் கொஞ்சம் நகர்ந்தார். கை எட்டியது. எடுத்துவிட்டார்.

அப்போது வெளியே சத்தம் கேட்டது.

டக்.

சுவிட்சுக் கைப்பிடியை யாரோ மேலே தள்ளுகிற சத்தம். அந்தச் சத்தம் அவருக்கு நன்றாகத் தெரியும்.

டக். டக்.

கத்த வேண்டும் என்று நினைத்தார். வாயில் டார்ச் இருந்தது. அதைத் துப்ப வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. நெஞ்சில் படுகிற பிளேடை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மோட்டார் சுற்ற ஆரம்பித்தால் அந்தப் பிடி எதற்கும் ஆகாது. தெரிந்தும் பிடித்துக்கொண்டார். வீட்டு ஞாபகம் வரவில்லை. சாமி ஞாபகம் வரவில்லை. ஓட்டை காலியாக இருக்கிறது என்ற ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது.

காற்றாடி சுற்றவில்லை.

“என்னங்க இது!” என்று ரகோத்தமனின் குரல். “இப்பத்தானே ஒரு பூட்டை வெட்டினாங்க?”

உமாபதி எப்படி வெளியே வந்தார் என்று அவருக்கே தெரியாது. முழங்கை தோல் உரிந்திருந்தது. வாயிலிருந்து டார்ச் கீழே விழுந்து உருண்டது.

ரகோத்தமன் திரும்பிப் பார்த்தார். பெட்டியின் கதவு, கதவிலிருந்து வந்த ஆள், தன் கையில் இருந்த கைப்பிடி என்று அவர் பார்வை மூன்று இடம் போனது. சூடுபட்டவர் மாதிரி கையை எடுத்துவிட்டார்.

“நீங்க... உள்ளேயா இருந்தீங்க? நான் வேலை முடிஞ்சு போயிட்டீங்கன்னு... ஐயோ, எனக்குத் தெரியாது சார்.”

உமாபதி அவரைப் பார்க்கவில்லை. சுவிட்சைப் பார்த்தார். கைப்பிடியின் ஓட்டையில் ஒரு சிவப்புப் பூட்டு தொங்கியது. அதில் ஜெசிந்தா என்று எழுதியிருந்தது. அவள் எப்போது திரும்பி வந்தாள், எப்போது போட்டாள், ஒன்றும் தெரியாது.

மாடிப்படி முகப்பில் காற்று வருகிற இடத்தில் அந்த மயங்கிய பெண்ணை உட்கார வைத்திருந்தார்கள். அவளுக்குக் கண் திறந்திருந்தது. ஜெசிந்தா பக்கத்தில் மண்டியிட்டு ஒரு அட்டைப்பெட்டி மூடியால் விசிறிக்கொண்டிருந்தாள்.

உமாபதி போய் நின்றார்.

“மேடம், சாவி.”

அவள் விசிறுவதை நிறுத்தவில்லை. “உள்ளே யாரு?”

“யாருமில்லை.”

“எப்படித் தெரியும்?”

“இருந்தது நான்தான். வந்துட்டேன்.”

“ஸ்பானர்?”

கையை நீட்டினார். ஸ்பானரை இன்னும் பிடித்தபடியேதான் இருந்தார். விரல்கள் விரிய மறுத்தன. அவள் ஒவ்வொரு விரலாகப் பிரித்து அதை வாங்கிக்கொண்டு, சாவியை அந்தக் கையிலேயே வைத்தாள்.

அவர் போய்ப் பூட்டைத் திறந்தார். பெட்டிக்குள் ஒரு முறை பார்த்தார். அறையில் ஒரு முறை பார்த்தார். திரும்பவும் பெட்டிக்குள் பார்த்தார். ரகோத்தமன் சுவரோரமாக நின்றார். உமாபதி கைப்பிடியை மேலே தள்ளினார். பெட்டிக்குள் காற்றாடி உறுமிக்கொண்டு எழுந்தது. அந்த உறுமலில் அவர் ஓரடி பின்னால் போனார்.

ஹாலில் விசில் அடித்தார்கள். “அண்ணா, சூப்பர்ணா!” என்று ஒரு பையன் அவரைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினான். உமாபதி தலையைக் குனிந்துகொண்டு மாடிப்படிக்கு வந்தார்.

அந்தப் பெண் எழுந்து உள்ளே போயிருந்தாள். ஜெசிந்தா மட்டும் படியில் உட்கார்ந்திருந்தாள். அவள் பூட்டையும் சாவியையும் அவர் நீட்டினார். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

“மேடம், திட்டுங்க.”

அவள் திட்டவில்லை.

“உங்க பூட்டு எங்கே?”

“கீழே. லாக்கர்ல போட்டிருக்கேன்.”

“லாக்கருக்குள்ள என்ன இருக்கு?”

“ஹெல்மெட்.”

“அப்புறம்?”

“சாப்பாடு.”

“என்ன சாப்பாடு?”

“புளிசாதம். உருளைக்கிழங்கு வறுவல்.”

“பத்திரமா இருக்கும்” என்றாள் ஜெசிந்தா. “நேரமாச்சு. போய்ச் சாப்பிடுங்க.”

உமாபதி போகவில்லை.