ருசி பார்க்காத சாம்பார்

வில்லுப்பாட்டுக்காரி தங்கக்கனிக்கு நாற்பது வயது. அவளிடம் பாட்டுப் படிக்க வந்த சங்கரபாண்டிக்கு அறுபது. முப்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக விசில் ஊதி ஓய்ந்த பிறகுதான் தனக்கும் ஒரு குரல் இருப்பதைக் கண்டுபிடித்த மனிதர். இரண்டு வருஷமாக அவள் குழுவில், அவள் பாடும் ஒவ்வொரு அடிக்கும் 'ஆமா' போட்டுப் பின்பாட்டுப் பாடுகிறார்.

அம்மன் கோயில் கொடைத் திருவிழா. அன்று சாயங்காலம் முதல்முறையாக அவர் முன்னால் உட்கார்ந்து தனியாகப் பாட வேண்டும். விடிந்ததும் விடியாததுமாகக் கோயில் அடுப்படிக்கு வந்து நின்றார். கனி அங்கே படைப்புக்குச் சமைத்துக்கொண்டிருந்தாள். பாட்டு இல்லாத நேரத்தில் அவளை அடுப்படியில்தான் பார்க்கலாம்.

"கனியம்மா, என்னால முடியாது. வேற ஆளப் பாத்துக்கோங்க."

"ஏன் அண்ணாச்சி?"

"செல்போன்ல பாடிப் பதிஞ்சு கேட்டேன். மேல போற எடத்துல குரல் பிசிறடிக்கி. திரும்பப் பாடுனேன், அதவிட மோசம். பதினேழு தடவ கேட்டாச்சு."

"பதினேழா!"

"ரெண்டு நாளா சோறு எறங்கல."

அவள் அகப்பையை அவர் கையில் கொடுத்தாள்.

"சாம்பார் கொதிக்கி. உப்பப் போட்டு எறக்குங்க."

ஒரு கை அள்ளிப் போட்டார். கிண்டினார். பிறகு பழக்கதோஷத்தில் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு வாய்க்குக் கொண்டுபோனார்.

"அண்ணாச்சி!"

கை அப்படியே நின்றது. சாமிக்குப் படைக்கும் முன்னால் நாக்கில் வைக்கக் கூடாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பாவம், பயத்தில் அவருக்கு மறந்துவிட்டது.

"அப்ப உப்பு சரியா இருக்கான்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது."

"தெரியாமலா எறக்கணும்?"

"இருவது வருசமா நான் அப்படித்தான் எறக்குதேன்."

மத்தியானம் படைப்பு முடிந்து பந்தி போட்டார்கள். சங்கரபாண்டி தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டார். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

முதல் இலையில் ஒரு மீசைக்காரர். ஒரு வாய் வைத்தார், நிறுத்தினார். சங்கரபாண்டி தூணோடு ஒட்டிக்கொண்டார். மீசைக்காரர் இலை ஓரத்தில் வைத்திருந்த உப்பில் ஒரு சிட்டிகை எடுத்துப் பிசைந்துகொண்டு, பக்கத்து ஆளிடம் கிணறு வெட்டுகிற கதையைத் தொடர்ந்தார். பக்கத்து ஆளும் பேச்சை விடாமல் உப்பைத் தொட்டுக்கொண்டார். மூன்றாவது இலைக்காரர் இன்னும் கொஞ்சம் சாம்பார் கேட்டார். பந்தி முழுக்க வயிறார உண்டு, ஏப்பம் விட்டு எழுந்தது.

சங்கரபாண்டி அடுப்படிக்கு ஓடினார்.

"கனியம்மா, உப்பு கம்மி!"

ஏதோ பேரன் பிறந்த சேதி சொல்வதுபோல் இருந்தது அவர் சொன்னது.

"கம்மிதான்."

"ஒருத்தரும் ஒண்ணுஞ் சொல்லல!"

"எலையில உப்பு வச்சிருக்குல்லா. பெறவு என்னத்தச் சொல்ல?"

அவர் சிரித்துவிட்டார். இரண்டு நாளாக நெஞ்சில் கிடந்த பாரம் பாதி இறங்கிவிட்டது. மீதிப் பாதி மட்டும் சண்டித்தனம் செய்தது.

"அது சோறு, கனியம்மா. பாட்டுல கொறஞ்சா?"

அவள் அண்டாவைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"ரெண்டு வருசமா எம் பக்கத்துல இருக்கியளே. எந் தொண்ட ஒருநாளும் கம்முனதில்லையா?"

சங்கரபாண்டி யோசித்தார். போன மாசம் சுடலைமாடன் கோயிலில் கம்மியது. பொங்கலுக்கு இரண்டு இடத்தில் உடைந்தது. அதற்கு முன்னாலும் உண்டு. இன்றுவரை அதையெல்லாம் குறை என்று அவர் நினைத்ததே இல்லை.

"நெறைய நாளு," என்றார்.

"அப்ப நீங்க என்ன செஞ்சிய?"

"சத்தமா 'ஆமா' போட்டேன். கொஞ்சம் இழுத்தே போட்டேன்."

"இன்னைக்கு நான் போடுதேன். வாங்க, சாப்புடுங்க."